ஓரத்து ஊர்கள் – 9: கலங்கல் வழிந்தால் தண்ணீர் எங்கே போகும்?

மாலை ஏழு மணிக்கு கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்தில் நின்று பாருங்கள். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வரும் மின்சார ரயில் நின்றதும், பாதி ரயில் காலியாகிவிடும். லேப்டாப் பை, கீரைக்கட்டு, தூங்கிப்போன குழந்தை எல்லாம் படியேறி ஷேர் ஆட்டோவுக்கு ஓடும். ஒவ்வொரு ஆட்டோவும் ஏதாவது ஒரு ‘நகர்’ பெயரைக் கூவும்.

அத்தனை நகர்களும் நேற்று வயலாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தவை. 2011 கணக்கெடுப்பின்படி நந்திவரம்-கூடுவாஞ்சேரி பேரூராட்சியில் 44 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2021-ல் அது நகராட்சி ஆனது. அந்த ஆண்டு எடுக்க வேண்டிய கணக்கெடுப்போ நடக்கவில்லை. குடிநீர், குப்பை வண்டி, துப்புரவுப் பணியாளர் என்று எதைத் திட்டமிட்டாலும் கையிலிருக்கும் அரசுக் கணக்கு அந்தப் பழைய 44 ஆயிரம்தான். வந்து குடியேறியவர்கள் வரி கட்டுகிறார்கள், தண்ணி லாரிக்கும் காசு கொடுக்கிறார்கள். ஆனால் கணக்கில் இல்லை.

இந்த ஊர் இப்படிப் பெருத்ததற்கு ஜி.எஸ்.டி. சாலையும் ரயிலும் காரணம் என்பது தெரிந்த கதை. பொத்தேரி கல்லூரியும் மறைமலை நகர் தொழிற்சாலைகளும் துணை நின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்ததும் மனை விலை இன்னொரு படி ஏறியது. அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பழைய எல்லை வண்டலூரோடு முடிந்தது. அதைத் தாண்டி ஊரப்பாக்கம் வந்தாலே சென்னைப் பெருநகரத் திட்டத்துக்கு வெளியே. மனை மலிவு, கேள்வியும் குறைவு. ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற ஒரு சொல்லை நம்பி எத்தனையோ குடும்பங்கள் சீட்டுப் பணத்தையும் நகையையும் போட்டு அரை கிரவுண்ட் வாங்கின. அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது 2016 செப்டம்பரில். மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. பணம் கட்டினால் மனைக்கு அங்கீகாரம் கிடைத்தது. வாய்க்கால் திரும்பக் கிடைக்கவில்லை.

வாய்க்கால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இது ஏரிகளின் நாடு. நந்திவரம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்தத் தண்ணீர் ஜி.எஸ்.டி. சாலையையும் ரயில் பாதையையும் கடந்து மேற்கே அடையாற்றுக்குப் போயாக வேண்டும். ஏரி ஒரு துறையிடம், சாலை ஒரு துறையிடம், தண்டவாளம் ரயில்வேயிடம், தெருக்கள் நகராட்சியிடம். 2021-ல் இங்கே நகராட்சி வந்தபோது பக்கத்து ஊரப்பாக்கம் ஊராட்சியாகவே நின்றது. தண்ணீருக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. ஒரு சிறுபாலம் அடைத்துக்கொண்டால் போதும், அது வீட்டுக்குள் வந்துவிடும்.

தாழ்வான தெரு ஒன்றில் வீட்டுக்கார அம்மா ஒருவர் சுவரில் ஒரு பழுப்புக் கோட்டைக் காட்டினார். என் இடுப்பளவு உயரம். “2015-ல வந்தது சார் இது. அதுக்கப்புறம் ரெண்டு தடவை வெள்ளையடிச்சாச்சு, போகல. பிரிட்ஜை கட்டில் மேல தூக்கி வச்சிட்டுத்தான் ஐப்பசி பொறக்கும் எங்களுக்கு” என்றார். வாசலில் நாலு படி. மூன்று படி பிறகு கட்டியதாம். எதிர்வீட்டில் ஐந்து. பக்கத்து வீட்டைவிட ஒரு படி உயர்த்திக் கட்டினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தெருவே இப்படி ஒருவரையொருவர் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் மேல் குற்றமில்லை. பொதுவாகச் செய்ய வேண்டியதை யாரும் செய்யாதபோது, அவரவர் வாசலை அவரவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கி அரசு ஆணையிட்டது. இனி கூடுவாஞ்சேரியும் அதற்குள். நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது தண்ணீர் போகும் வழி; அதன்பிறகுதான் சாலையும் மனையும். கட்டி முடித்த தெருவில் கால்வாய் வெட்டுவதைவிட வெறும் நிலத்தில் வாய்க்காலை விட்டுவைப்பது எவ்வளவோ சுலபம். கூடுவாஞ்சேரியில் அந்தக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. அதற்குத் தெற்கே இன்னும் கடக்கவில்லை.

அந்தப் பக்கம் மனை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணை ஒட்டி ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று எழுதியிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு அடைமழை நாளில் அந்த இடத்தில் போய் நின்று பாருங்கள்.