நடக்காத கூட்டத்துக்கு ஒரு கையெழுத்து

குடும்பத்தார் சேர்ந்து நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் பலவற்றில் போர்டு மீட்டிங் ஆடிட்டர் அலுவலகத்துக் கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. செப்டம்பரில் கணக்கு முடிக்கும்போது முழு ஆண்டுக்கும் மினிட்ஸ் ஒரே மூச்சில் அச்சாகும். வருகைப் பதிவேடு வீடு தேடி வரும். இயக்குநராக இருக்கும் மனைவியோ தம்பியோ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள்.

வெறும் சம்பிரதாயம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 118ஆவது பிரிவுப்படி, முறையாகப் பதிவான மினிட்ஸ் இருந்தால், மறுத்து நிரூபிக்கும்வரை அந்தக் கூட்டம் ஒழுங்காக நடந்ததாகவே கொள்ளப்படும். கடன் விவகாரம் நாளைக்கு நீதிமன்றம் போனால், “எனக்கு எதுவும் தெரியாது” என்பவரின் வாயைப் பதிவேட்டில் இருக்கும் அவருடைய கையெழுத்தே அடைத்துவிடும். மினிட்ஸில் தில்லுமுல்லு செய்தவருக்கோ 2 ஆண்டு வரை சிறையும் 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

இத்தனைக்கும் சட்டம் கேட்பது அதிகமில்லை. ஆண்டுக்கு 4 கூட்டம், அடுத்தடுத்த கூட்டங்களுக்கு நடுவே 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது. சிறு கம்பெனி என்றால் அரையாண்டுக்கு ஒன்று போதும். நடுவே 90 நாளாவது இருக்க வேண்டும். 7 நாள் முன்னதாக ஒவ்வொரு இயக்குநருக்கும் எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும், மின்னஞ்சலே போதும். வெளியூரில் இருப்பவர் வீடியோவில் சேரலாம்.

அஜெண்டா தாளில் கவனிக்க வேண்டியது கடைசி வரி: ‘தலைவர் அனுமதியுடன் இதர விஷயங்கள்’. பெரிய கடனும் சொத்து அடமானமும் நுழைய வசதியான வாசல் அது. முன்கூட்டித் தாள் தராத எந்தக் கடன் தீர்மானத்தையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கக் கேளுங்கள். சரக்கு வாங்கப் போவது ஓர் இயக்குநர் பார்ட்னராக இருக்கும் ஃபர்மிடம் என்றால், அதை அவர் போர்டில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

உடன்பாடில்லாத தீர்மானத்துக்குத் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போதாது. எதிர்த்தவர் பெயரை மினிட்ஸில் எழுத வேண்டும் என்று அதே 118ஆவது பிரிவு சொல்கிறது. கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் வரைவு மினிட்ஸ் உங்களுக்கு வர வேண்டும். வந்ததும் திருத்தம் சொல்ல 7 நாள் அவகாசம். உங்கள் எதிர்ப்பு அதில் விடுபட்டிருந்தால் உடனே மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

கூட்டத்துக்கே போகாமல் இருந்து தப்பிக்கலாம் என்பதும் நடக்காது. 12 மாதத்தில் நடந்த எல்லாக் கூட்டங்களுக்கும் வராதவரின் பதவி, லீவு கேட்டிருந்தாலும், போய்விடும். அறிவிப்பே அனுப்பாமல் உங்களை ஒதுக்கினால், அனுப்பும் பொறுப்பில் இருந்தவருக்கு 25,000 ரூபாய் தண்டம். பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்காவது உங்களிடம் இருந்தால், நிர்வாகச் சீர்கேட்டை எதிர்த்து தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்; தமிழ்நாட்டுக்குச் சென்னை அமர்வு.

விலக முடிவெடுத்தால் ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, கம்பெனி பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். கம்பெனி இழுத்தடித்தால் டிஐஆர்-11 படிவத்தில் நீங்களே கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கலாம். பதவியில் இருந்த காலத்துத் தவறுகளுக்கான பொறுப்பு மட்டும் அதோடு தீராது.