மூன்று புள்ளி... கன்னத்தில் முள்... கடல்குதிரையை அடையாளம் காண்பது எப்படி?

குதிரை முகம், குரங்கு வால், கங்காரு மாதிரி வயிற்றில் பை. ஆனாலும் செவுள், துடுப்பு எல்லாம் உள்ள அசல் மீன்தான் கடல்குதிரை. புதுக்கோட்டை மாவட்டம் மீமிசல் ஒட்டிய பாக் நீரிணை கடற்புல் திட்டுகளும், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும் இதற்குப் பிடித்த இடங்கள். இறாலுக்கு வீசும் வலையில் இதுவும் சேர்ந்து வந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

நிறத்தை நம்பலாமா?

கூடவே கூடாது. மஞ்சளாகப் பார்த்தது நாளைக்குக் கறுப்பாக இருக்கும். சுற்றியுள்ள புல், பாறைக்கு ஏற்ப நிறத்தை மாற்றிக்கொள்ளும். காய்ந்துவிட்டால் எல்லாமே ஒரே பழுப்பு.

பிறகு எதைப் பார்ப்பது?

முதலில் தலை உச்சியில் இருக்கும் கொண்டை. அடுத்து கண், கன்னத்து முட்கள். அப்புறம் உடலைச் சுற்றியுள்ள எலும்பு வளையங்கள். வாலில் எத்தனை வளையம் என்று எண்ணித்தான் ஆய்வாளர்கள் இனத்தை உறுதி செய்கிறார்கள்.

இங்கே அதிகம் பேசப்படுவது இரண்டு இனங்கள். ஹிப்போகாம்பஸ் கூடா என்பதற்கு முள் கிடையாது, மழுங்கிய மேடுகள்தான். கொண்டையும் உருண்டையாக இருக்கும். ஹிப்போகாம்பஸ் ட்ரைமாகுலேட்டஸ் என்பதற்கு கண்ணுக்கு மேலேயும் கன்னத்திலும் கொக்கி போல வளைந்த முள் உண்டு. முதுகோரம் 1, 4, 7-வது வளையங்களில் மூன்று கரும்புள்ளிகள். பெயரே அதனால் வந்ததுதான். ஆனால் எல்லா மீனிலும் புள்ளி தெரியாது. புள்ளி இல்லையே என்று விட்டுவிடாமல் முள்ளைத் தடவிப் பார்க்க வேண்டும்.

இனம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். 2001 முதல் கடல்குதிரை வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலி, யானை இருக்கும் அதே பட்டியலில் இருக்கிறது. பிடிப்பது, காயவைப்பது, விற்பது எல்லாமே குற்றம். சிறைத் தண்டனை உண்டு. இருந்தும் சீன பாரம்பரிய மருந்துக்காக கடத்தல் நடக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் 'கடல்குதிரை' என்று ஒரே கணக்கில் எழுதினால், எந்த இனம் குறைகிறது என்பதே தெரியாமல் போய்விடும்.

வலையில் உயிரோடு வந்தால்?

உடனே கடலில் விட்டுவிட வேண்டும். வயிறு உப்பியிருந்தால் இன்னும் அவசரம். அது பெண் அல்ல, ஆண். பெண் இடும் முட்டைகளைப் பையில் சுமந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பெற்றெடுப்பது அப்பாதான்.