தண்ணீரில் காயும் கை

ஹார்பர் லைனில் காலை ஏழு மணி வாக்கில் திலக் நகர் ஸ்டேஷனில் நிற்கும் வண்டிகளிலிருந்து பெண்கள் கும்பலாக இறங்குவார்கள். மான்குர்டு, கோவண்டி, சீட்டா கேம்ப் பக்கத்துக்காரர்கள்; தமிழ் பேசுகிறவர்களும் அதில் உண்டு. பழைய ஹவுசிங் போர்டு கட்டடங்கள் இருந்த இடத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் ஆளுக்கு நாலைந்து வீடு. ஜாடு, கட்கா, பர்த்தன் என்று மும்பை மூன்றே சொல்லில் முடித்துவிடும் வேலை. பெருக்கி, துடைத்து, பாத்திரம் தேய்த்து முடிப்பதற்குள் அந்தக் கைகள் எத்தனை முறை நனைந்து எத்தனை முறை காய்ந்திருக்கும் என்று யாரும் எண்ணுவதில்லை. டிசம்பர், ஜனவரியில் காற்று கொஞ்சம் உலர்ந்துவிட்டால் போதும், கட்டைவிரல் ஓரத்திலும் மூட்டு மடிப்பிலும் தோல் பிளந்து உள்ளே சிவப்பு தெரியும். புளி கரைக்கக் கைவைத்தால் உயிர் போகும்.

நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறும் கை எப்படிக் காய்ந்துபோகிறது? இதற்கான விடை 1952 வரை மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாது. தோலில் எண்ணெய்ப்பசை போய்விட்டது, எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்பதுதான் அதுவரை பொதுவான எண்ணம். அந்த ஆண்டில் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் மிக எளிய சோதனை ஒன்றைச் செய்தார். பாதத்தில் காய்த்துப்போன தோலைச் சீவியெடுத்து உலர்த்தினார். அது அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று ஆனது. அதை எண்ணெயிலும் களிம்பிலும் ஊறவைத்துப் பார்த்தார். அப்போதும் வளைத்தால் உடைந்தது. தண்ணீரில் போட்டார், துவண்டு மெத்தென்று ஆகிவிட்டது. தோலை மிருதுவாக்குவது எண்ணெய் இல்லை, தண்ணீர்தான். மேல்தோலின் கடைசி அடுக்கில் பத்து சதவீத அளவுக்காவது நீர் இருந்தால்தான் அது வளையும். அதற்குக் கீழே போனால் வெடிக்கும்.

அப்படியானால் தண்ணீரிலேயே கிடக்கும் கை பஞ்சு போல இருக்க வேண்டுமே? தண்ணீர் உள்ளே போவதில் சிக்கல் இல்லை. போன தண்ணீர் தங்குவதில்லை என்பதே சங்கதி.

நம் தோலின் வெளி அடுக்கு உயிரற்றது. அதைக் கொம்புப் படலம் என்கிறார்கள். உடம்பின் பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளங்கையிலும் பாதத்திலும் மட்டும் பல மடங்கு தடிமன். நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே கெரட்டின் புரதம் நிரம்பிய தட்டையான செத்த செல்கள், வரிசை வரிசையாக. நடுவில் கொழுப்புப் பூச்சு. தோலியல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவர் என்று வர்ணித்தார்: செல்கள் செங்கல், கொழுப்பு சாந்து. அந்தக் கொழுப்பில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் என்று மூன்று சரக்கு. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பார்த்தாலே நாம் பதறும் கொலஸ்ட்ரால், தோலில் நீர் கசியாமல் காக்கிறது. செல்லுக்குள்ளே இன்னொரு ஏற்பாடும் உண்டு. அமினோ அமிலங்கள், யூரியா, லாக்டிக் அமிலம் போன்ற, நீரைப் பிடித்துவைக்கும் சின்னஞ்சிறு பொருள்கள் அங்கே தயாராக இருக்கின்றன.

சோப்பு இரண்டையும் ஒரே அடியாகக் குலைக்கிறது. அழுக்குக் கொழுப்புக்கும் தோலின் கொழுப்புக்கும் சோப்புக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டையும் கழுவித் தள்ளிவிடும். செல்லுக்குள் இருந்த நீர்ப்பிடிப்புப் பொருள்கள் தண்ணீரில் கரையக்கூடியவை, அவையும் வடிந்து போகும். போதாக்குறைக்கு நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. பிஎச் அளவு ஐந்தை ஒட்டி நிற்கும். கட்டிச் சோப்போ ஒன்பது, பத்து. புதிய கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகள் அமிலச் சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். பிஎச் ஏறினால் தயாரிப்பு மந்தமாகும். பாத்திரம் தேய்க்கும் சோப்பில் அழுக்கை அறுக்கும் ரசாயனத்தோடு காரமும், சுரண்டுவதற்கான கனிமப்பொடியும் கலந்திருக்கும். எண்ணெய்ச் சட்டியைப் பளிச்சென்று ஆக்கும் ஒன்று உள்ளங்கையிடம் மட்டும் பரிவாக நடந்துகொள்ளாது.

சோப்பே போடாத வெறும் தண்ணீரும் நிரபராதி இல்லை என்பதுதான் ஆச்சரியம். நீண்ட நேரம் நீரில் ஊறினால் அந்தக் கொழுப்பு அடுக்குகள் தாமாகவே குழம்பிப் பிரிந்துவிடுவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். வெந்நீர் என்றால் இன்னும் சீக்கிரம். அதனால்தான் ஜெர்மனியின் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளில் ‘ஈரவேலை’ என்றே ஒரு வகை இருக்கிறது. நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, அடிக்கடி கைகழுவ நேர்ந்தாலோ அது தோலுக்கு ஆபத்தான வேலை என்று கணக்கு. திலக் நகரில் நாலு வீடு பார்க்கிற பெண் இந்த வரம்பை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தாண்டிவிடுவார். முடிதிருத்துபவர், நர்ஸ், மீன் கழுவி விற்பவர், தாராவியில் விடியுமுன் இட்லி மாவோடு மல்லுக்கட்டுபவர் எல்லோரும் இதே கணக்கில் வருவார்கள். கைக்குழந்தை இருக்கும் தாயும்தான்.

தோல் சும்மா இருப்பதில்லை. கொழுப்புப் பூச்சு குலைந்ததும் நீர் ஆவியாக வெளியேறுகிறது அல்லவா? அந்தக் கசிவையே அது அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறது. கீழே உயிரோடு இருக்கும் செல்கள் சில நிமிடங்களுக்குள் புதிய கொழுப்பை வெளியே தள்ள ஆரம்பிக்கும். 1980களில் எலியாஸின் குழு எலிகளில் இதைச் சோதித்தது. கொழுப்பு நீக்கிய தோலை நீராவி துளிகூடப் புகாத உறையால் மூடியபோது, பழுதுபார்ப்பு ஏறக்குறைய நின்றே போனது. கசிவு நின்றுவிட்டதால், பழுதே இல்லை என்று தோல் முடிவுகட்டிவிட்டது!

ஒரு தடவை குலைந்தால் சில நாளில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பத்து நிமிட நடை என்றால் அந்த அவகாசத்துக்கு எங்கே போவது? வெளியே தோல் ஆறிவிட்டதாகத் தெரிந்த பிறகும் உள்ளே முழு வலு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மறுபடி சிங்க்.

சொரசொரப்புக்கும் ஒரு காரணம் உண்டு. தோல் தேய்ந்து போனதால் சொரசொரப்பு வருகிறது என்றுதான் நினைப்போம், நடப்பது நேர்மாறு. செத்த செல்களை ஒன்றிலிருந்து ஒன்று கத்தரித்து உதிர்க்கும் நொதிகளுக்கு நீர் வேண்டும். நீர் இல்லாதபோது உதிர வேண்டியவை உதிராமல் அடுக்கடுக்காக நிற்கும். விரலில் முள்முள்ளாகத் தட்டுப்படுவது அதுதான். அதைக் கல்லால் தேய்ப்பது வெடிப்பை ஆழமாக்கும் வேலை.

இனி மருந்து. என்ன தடவுவது என்பதைவிட எப்போது தடவுவது என்பதுதான் பெரிது. பிளாங்க்கின் சோதனையை நினைத்துக்கொண்டால் விஷயம் தானே விளங்கும். கை கழுவி, ஒற்றித் துடைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். உள்ளே போன நீரை வெளியே விடாமல் பூட்டுவதுதான் களிம்பின் உத்தியோகம். எலும்பாகக் காய்ந்த கையில் ராத்திரி அரைக் கிண்ணம் எண்ணெய் தேய்த்தாலும் அது காய்ந்ததைப் பூட்டிவைத்த கதைதான்.

பூட்டும் வேலையில் பெட்ரோலியம் ஜெல்லியை அடித்துக்கொள்ள இன்றுவரை ஒன்றும் வரவில்லை. ராபர்ட் செஸ்பரோ 1872இல் காப்புரிமை வாங்கிய வாசலின்தான் அது. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களில் படியும் மெழுகுக் கசடைத் தொழிலாளர்கள் தங்கள் காயத்தில் தடவிக்கொள்வதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். இது வெறும் மூடி அல்ல, கொம்புப் படலத்தின் இடுக்குகளுக்குள்ளும் இறங்குகிறது. மேலே சொன்ன உறையைப் போல இது பழுதுபார்ப்பை நிறுத்திவிடுவதும் இல்லை. செம்பூர் மார்க்கெட்டில் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் சின்ன டப்பா இது. முன்னூறு ரூபாய் ‘ஹேண்ட் க்ரீம்’ அழகாக மணக்கும். அந்த மணமே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும்.

தேங்காய் எண்ணெய் நல்லதா? நல்லதுதான். வறண்ட தோலுக்கு மினரல் ஆயிலுக்குச் சமமாக அது வேலை செய்வதைப் பிலிப்பைன்ஸில் 2004இல் வந்த ஆய்வு காட்டியது. ஆலிவ் எண்ணெய் கொழுப்பு அடுக்கைக் கலைப்பதாகத் தெரியவந்திருக்கிறது, அதை சாலட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். கிளிசரின் நீரை இழுத்துப் பிடிப்பது. பன்னீர் கலந்து பூசும் பாட்டி வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது, மேலே கொஞ்சம் வாசலினும் சேர்ந்தால் முழுமை. யூரியா கலந்த களிம்பு தடித்த தோலுக்கு அருமை, ஆனால் திறந்த வெடிப்பில் எரியும். எலுமிச்சைச் சாறு தேய்க்கச் சொல்பவரிடம் அன்பாக விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் கவர்ந்தது ஆயுர்வேதத்தின் சததௌத கிருதம். பசுநெய்யைச் செப்புப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரை வடித்து, மறுபடி புதுத் தண்ணீர் விட்டு, இப்படி நூறு முறை. மஞ்சள் நிறமும் நெய்வாசமும் போய், வெண்ணெய் போல வெள்ளையாக, பிசுபிசுப்பில்லாத ஒன்று கடைசியில் மிஞ்சும். கொழுப்புக்குள் நுண்ணிய நீர்த்துளிகளைச் சிறைப்பிடித்துவிட்டார்கள். இன்றைய க்ரீம்களின் சூத்திரமும் அதுவே, மிக்ஸி இல்லாமல், கை வலியோடு.

கையுறைக்கு வருவோம். ஆபரேஷன் தியேட்டரின் ரப்பர் கையுறை, நோயாளியைக் காப்பதற்காகப் பிறந்ததில்லை. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெடிடம் கரோலின் ஹாம்ப்டன் என்ற நர்ஸ் இருந்தார். கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலில் அவர் கைகள் வெந்து புண்ணாயின. 1889 வாக்கில் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய கையுறை செய்வித்தார். அடுத்த ஆண்டு இருவருக்கும் கல்யாணம். கையுறை போட்டால் நோயாளிக்குத் தொற்றும் குறைகிறது என்று உலகம் புரிந்துகொண்டது அப்புறம்தான்.

வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கித் தருவது அந்த வீட்டின் பொறுப்பு என்றே நினைக்கிறேன்; துடைப்பத்தையும் சோப்பையும் அவரா வாங்கிவருகிறார்? ஆனால் ரப்பருக்குள் வியர்த்து ஊறினால் அதுவும் ஈரவேலைதான். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு, நனைந்ததும் மாற்ற வேண்டும். உள்பக்கம் கிழிந்த கையுறை சோப்புத் தண்ணீரைத் தோலோடு சேர்த்துக் கட்டிவைக்கும். அதற்கு வெறுங்கையே மேல்.

ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஒரு செய்தி. கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதபோது சோப்பைவிட ஆல்கஹால் கரைசலே தோலுக்கு நல்லது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் கிளிசரின் 1.45 சதவீதம் சேர்ப்பது இதற்காகவே. அது எரிகிறது என்றால், ஏற்கெனவே வெடிப்பு இருக்கிறது என்று பொருள்.

எல்லா வெடிப்பும் கழுவுவதால் வருவதில்லை. இடதுகையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள் மட்டும் உரிந்தால் பூண்டைச் சந்தேகியுங்கள். உரிக்கும்போது அதைப் பிடிப்பது அந்த மூன்றும்தான். பூண்டின் கந்தகப் பொருளுக்குப் பல கையுறைகள் தடையே இல்லை. விரலிடுக்கில் வெள்ளையாக நைந்து சிவந்திருந்தால் அது பூஞ்சை, அங்கே ஈரத்தைப் பூட்டினால் கொண்டாடும். இரண்டுக்கும் சேர்த்து மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் தருவார்கள், ஸ்டீராய்டும் பூஞ்சைமருந்தும் கலந்தது. மூன்று நாளில் மாயம்போல் அடங்கும். விட்டதும் இரண்டு மடங்காகத் திரும்பும், தோலும் மெலியும். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று 2018இலேயே மத்திய அரசு விதியை இறுக்கியது. கடைக்காரரை விட்டு டாக்டரிடம் காட்டலாம்; சயான் மருத்துவமனையின் தோல் பிரிவு ஒன்றும் தொலைவில் இல்லை.

ரேஷன் கடையில் இந்தக் கைகளுக்கு இன்னொரு சோதனை. “ஃபிர் ஸே லகாவ், மௌசி” (மறுபடி வையுங்கள், சித்தி) என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, விரல் மாற்றி விரல் வைத்தும் கைரேகை இயந்திரம் ஆளை ஒப்புக்கொள்ளாது. கண்ணாடியில் ரேகை மேடுகள் நன்றாகப் படிந்தால்தான் படம் விழும். வறண்ட மேடு சரியாக ஒட்டாது, வெடிப்புகளோ இல்லாத கோடுகளைப் போடும். ரேகை அழிந்துவிட்டதே என்று கலங்க வேண்டியதில்லை. அதன் அச்சு இருப்பது மேல்தோலின் அடிவாரத்தில், தாய்வயிற்றிலேயே வார்க்கப்பட்டது. மேலே தேய்ந்தது, வேலை கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் சில வாரத்தில் அதே வளைவுகளோடு வளர்ந்துவிடும். அதுவரை கருவிழி பார்க்கும் கருவி கடையில் இருந்தால் அதைக் கேட்கலாம். இல்லையென்றால் முதல்நாள் இரவு ஈரக்கையில் வாசலின் பூசிப் படுத்து, காலையில் பிசுக்கைத் துடைத்துவிட்டு, விரலைத் துளி நனைத்து ஒற்றியபின் வைக்க வேண்டும்.