விறகுக்குப் போன மரம் வீட்டுக்குள் வந்த கதை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் போனால் வழியெங்கும் ரப்பர்த் தோட்டங்கள். நட்ட 7ஆம் ஆண்டு வாக்கில் பால் வெட்டத் தொடங்குவார்கள். 25, 30 ஆண்டுகளில் பால் குறைந்துவிடும். மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் ஒரு காலத்தில் அடுப்புக்கும் செங்கல் சூளைக்கும், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்துக்கும்தான் போனது. கொஞ்சம் தேறிய துண்டுகளில் பெட்டி அடித்தார்கள். வீட்டுச் சாமான் செய்ய அதை யாரும் தேடி வாங்கியதில்லை.

இன்றோ நகரத்துக் கடைகளில் சாப்பாட்டு மேசை, கட்டில், நாற்காலி என எங்கும் ரப்பர் மரம். மலேசியாவின் மரச்சாமான் ஏற்றுமதியே பெரும்பாலும் இந்த மரத்தின் முதுகில்தான் நிற்கிறது. மரம் மாறவில்லை, அதே மரம்தான். வெட்டியபின் அதற்குச் செய்யும் வேலை மாறியிருக்கிறது.

இரண்டு நாளில் கெடும் மரம்

ரப்பர் மரத்தில் தேக்கைப்போலத் தனியே தெரியும் வைரம் கிடையாது. உள்ளும் புறமும் ஒரே வெளுப்பு. அந்த வெளுப்பில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைய. வெட்டிப்போட்ட ஓரிரு நாளிலேயே பூஞ்சை புகுந்து மரத்தை நீலம் பாரிக்கச் செய்துவிடும். அடுத்து வண்டு வரும். அது உள்ளே தின்று, ஊசித் துளை வழியே மாவுபோல் தூள் தள்ளும். தேக்கைக் காக்கும் எண்ணெய்ச் சத்துகள் இதில் இல்லை.

ஆனால் ஈரம் காயும்போது எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்தால் வேறு கதை. பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்வரை, வளைய வாட்டில் தேக்கும் ரப்பரும் 5 முதல் 6 சதவீதம் சுருங்குகின்றன. மையத்திலிருந்து பட்டை நோக்கிய வாட்டில் இரண்டும் 2 முதல் 3 சதவீதம். ஆக, வளையாமல் நெளியாமல் நிற்பதற்கான தகுதி ரப்பர் மரத்துக்குப் பிறவியிலேயே உண்டு. கெடாமல் காப்பதற்குத்தான் வழி தெரியாமல் இருந்தது.

அந்த வழியில் அவசரம்தான் முதல் விதி. சாய்த்த சில நாட்களுக்குள் மரம் அறுவை ஆலைக்கு வந்து பலகையாகிவிட வேண்டும். பச்சைப் பலகைகளை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி, மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். மருந்து மரத்தின் உள்வரை இறங்கும். பூஞ்சைக்கும் வண்டுக்கும் அதோடு வாசல் அடைபடும். ஒரு குறை உண்டு: இந்த மருந்து நீரில் கரையக்கூடியது. மழை படும் இடத்தில் போட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். ரப்பர் மரச் சாமான் வீட்டுக்குள் மட்டும் நிலைப்பது இதனால்தான்.

காய வைப்பதில் இருக்கிறது சூட்சுமம்

மரத்துக்குள் நீர் இரண்டு வகையாக இருக்கிறது. செல்களின் உள்வெளியில் தளும்பும் நீர் ஒன்று. செல் சுவருக்குள்ளேயே ஊறிக்கிடக்கும் நீர் மற்றொன்று. பிழிந்த துணியில் சொட்டு நின்றபின்னும் ஈரம் மிச்சமிருப்பதுபோல, முதல் நீர் போனபின்னும் இரண்டாவது நீர் தங்கும். ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இறங்கும்வரை மரம் சுருங்குவதே இல்லை. அதற்குக் கீழே இறங்கும்போதுதான் சுவர்கள் இறுகி, பலகை குறுகத் தொடங்குகிறது.

ஈரத்தை அளக்க எளிய வழி உண்டு. ஒரு துண்டை நிறுத்து, 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் எடை குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடி நிறுக்க வேண்டும். 60 கிராம் துண்டு 50 கிராமாகக் குறைந்தால், போன 10 கிராமை 50க்குக் கணக்கிட்டு ஈரம் 20 சதவீதம் என்பார்கள். குளிரூட்டிய அறையில் மரம் 10 சதவீதத்தை ஒட்டிய ஈரத்தில் நிலைகொள்ளும். கடலோர ஊர்களில் அது 15 சதவீதம் வரைகூட இருக்கும். 20 சதவீத ஈரத்தோடு செய்த கட்டிலை ஏசி அறையில் போட்டால் இணைப்பு விலகுவதும், அளவுக்கு மீறிக் காய்ந்த கதவு ஐப்பசி மழையில் ஊதி நிலையைப் பிடித்துக்கொள்வதும் இந்தக் கணக்குத் தப்புவதால்தான்.

சீசனிங் செய்யும், அதாவது மரத்தைப் பக்குவமாகக் காயவைக்கும், அறையில் பலகைகளுக்கு நடுவே சம இடைவெளியில் குச்சி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றுவார்கள். ஒரு அங்குலப் பலகை காய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். சூட்டைக் கூட்டி மூன்று நாளில் முடித்துவிடலாமே என்று ஆசைப்படுபவர்களுக்கு மரம் தண்டனை வைத்திருக்கிறது. வேகமாக உலர்த்தினால் வெளித்தோல் முதலில் காயும். ஈரமான உள்பகுதி அதைச் சுருங்கவிடாது. தோல் இழுபட்ட நிலையிலேயே இறுகிவிடும். பிறகு உள்பகுதி காய்ந்து சுருங்கப் பார்க்கும்போது தோல் ஒத்துழைக்காது. வெளியே பார்த்தால் குறையற்ற பலகை, உள்ளே இழுபறி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை செய்கிறார்கள். பலகையின் குறுக்கே சிறு துண்டு ஒன்றை அறுத்து, அதன் நடுப்பகுதியை எடுத்துவிட்டு, இரண்டு கால் நிற்கும் கவையாக்கிச் சற்று நேரம் விட்டுவைப்பார்கள். கால்கள் நேராக நின்றால் பலகை நல்லது. இரண்டும் உள்நோக்கி வளைந்தால் இழுபறி இருக்கிறது என்று பொருள். அந்தப் பலகையை இரண்டாகக் கீறினால் துண்டுகள் குழிந்துவிடும். கடைசிக் கட்டத்தில் அறைக்குள் நீராவி விட்டுத் தோலை இளக்கினால் இது சரியாகும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான்.

அறுக்கும் கோணமும் ஒட்டும் பசையும்

பலகையின் முனையைப் பாருங்கள். வளையங்கள் வில்லாக வளைந்து படுத்திருந்தால் அது அகலவாட்டில் அதிகம் சுருங்கும், குழியும். வளையங்கள் செங்குத்துக் கோடுகளாக நின்றால் அகலவாட்டுச் சுருக்கம் ஏறத்தாழப் பாதிதான். இப்படி அறுத்தால் சேதாரம் கூடுதல் என்பதால் விலையும் கூடுதல். ஒரே மரத்திலிருந்து வந்த இரண்டு பலகைகள் இரண்டு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

பிளைவுட்டில் மரத்தைவிடப் பசையே தரத்தைத் தீர்மானிக்கிறது. மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி ஒற்றைப்படை அடுக்குகளாக ஒட்டுவதால் அது விரிவதும் சுருங்குவதும் கட்டுப்படுகிறது. ஆனால் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை தொடர்ந்து நீர் பட்டால் விட்டுப்போகும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை தாங்கும். ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை பெற வேண்டிய பலகையை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். 'எம்ஆர்' என்று அச்சிட்ட பலகை காற்றின் ஈரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். சமையலறைத் தொட்டிக்குக் கீழே அதை வைத்தால் அடுக்கடுக்காகப் பிரியும்.

தூள் அழுத்திய பலகையில் இன்னொரு சங்கடம். அழுத்தி வைத்த மரத்துகள்கள் நீர் பட்டதும் பழைய பருமனுக்குத் திரும்பப் பார்க்கும். ஊதிய ஓரம் காய்ந்தாலும் வற்றாது. ஓரங்களைப் பட்டையால் மூடச் சொல்வது அழகுக்காக மட்டும் அல்ல, ஈரம் நுழையும் வழியும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும் வழியும் அந்த ஓரங்கள்தான். இந்த வாயு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது.

எல்லாப் பக்குவத்துக்கும் ஒரு விலை உண்டு. பின்லாந்தில் மரத்தை 200 டிகிரிக்கு மேல் நீராவிச் சூழலில் வறுத்து, மருந்தே இல்லாமல் எளிதில் மக்காத மரமாக்குகிறார்கள். நீரை ஈர்க்கும் பொருள்கள் சிதைவதால் அது ஊதுவதும் குறைகிறது. கூடவே வலிமையும் குறைந்து, மரம் நொறுங்கும் குணம் பெறுகிறது. சுவர்ப் பலகைக்கு அது நல்லது, பாரம் தாங்கும் உத்தரத்துக்கு ஆகாது.

அடுத்த முறை மரச்சாமான் வாங்கப் போகும்போது 'இது தேக்கா?' என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். சீசனிங் செய்ததா, ஈரம் எத்தனை சதவீதம், மருந்து ஏற்றியதா, பிளைவுட் என்றால் எந்த ஐஎஸ் எண் என்று கேளுங்கள். ஈரமானியை மரத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பதில் சொல்ல மறுக்கும் கடையில் தேக்கு வாங்குவதைவிட, பதில் சொல்லும் கடையில் ரப்பர் மரம் வாங்குவது மேல்.