கொல்லிமலைக்கு அரசு ஏறிய வழி

காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தால் ஊராட்சிப் பெயர்ப்பலகைகள் வரவேற்கின்றன: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு. நாமக்கல் மாவட்டத்தின் ஒரு மூலையில் இத்தனை நாடுகளா!

பழைய சொல்தான். சோழர் கல்வெட்டுகளில் பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கு ‘நாடு’ என்று பெயர். சோழப் பேரரசே இத்தகைய நாடுகளின் கோவைதான், காவிரிப் படுகைக்கு வெளியே மன்னனுக்குக் கிடைத்தது பெரும்பாலும் சடங்கு மரியாதையே என்று 1980இல் எழுதினார் பர்ட்டன் ஸ்டைன். கிழக்கு ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றிய எய்டன் சவுத்தாலின் ஆய்விலிருந்து எடுத்த கருத்து அது. கல்வெட்டுகளை எண்ணிப் பார்த்த நொபொரு கராஷிமா அதை ஏற்கவில்லை.

அரசு பிறப்பதே படையெடுப்பில்தான் என்றவர் ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓப்பன்ஹைமர். அவருக்குச் சாட்சி சொல்ல வல்வில் ஓரி இருக்கிறான். இந்த மலையின் தலைவன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஓரி வரி வாங்கிப் பெயரெடுத்தவன் அல்லன், கொடுத்துப் பெயரெடுத்தவன். கடைசியில் அவன் மலையே பரிசாகப் போயிற்று.

எனக்குப் பிடித்தது ஜேம்ஸ் ஸ்காட் 2009இல் சொன்னது. தென்கிழக்காசிய மலைவாசிகள் பின்தங்கியவர்கள் அல்லர், அரசிடமிருந்து விலகி மேலேறியவர்கள் என்கிறார். நெல் ஒரே சமயத்தில் விளையும். வரி வாங்குபவன் களத்துக்கே வந்து அளந்துவிடுவான். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடி மக்களும் தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்ததாகத்தான் கதை சொல்கிறார்கள். ஆனால் முழுக்கப் பொருத்திவிட முடியாது. இந்த மலைமேல் இருக்கும் அறப்பளீஸ்வரர் கோயிலிலேயே சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன.

கிழங்குக் கதையோ இங்கே தலைகீழ். அரசுக்குப் பிடிகொடுக்காத பயிர் என்று ஸ்காட் சொல்லும் அதே மரவள்ளிதான் சாமையும் கேழ்வரகும் விளைந்த காடுகளைப் பிடித்துக்கொண்டது. லாரி லாரியாக அது ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. வரிக்காரன் எண்ண முடியாததை எடைமேடை எண்ணுகிறது.

செம்மேட்டில் ஓரி குதிரைமேல் சிலையாக நிற்கிறான். ஆடி மாதம் அவனுக்கு இரண்டு நாள் விழா. வில்வித்தைப் போட்டி உண்டு, அரசுத் துறைகளின் கண்காட்சி உண்டு. நடத்துவது மாவட்ட நிர்வாகம்.