பழைய கணிப்பொறியை வாங்கி விற்கலாமா?

பழைய நாணயங்களையும் தபால்தலைகளையும் தேடிச் சேர்ப்போரை நாம் அறிவோம். பழைய கணிப்பொறிகளையும் அவ்வாறே தேடி விலை கொடுத்து வாங்குவோர் உளர் என்றால் நம்மில் சிலர் வியப்படையக்கூடும். அப்படியொரு வாணிகம் உலகில் நடந்துதான் வருகிறது. அதில் இறங்க நினைப்பவன் காசைக் கொடுக்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை, வணிகவியல் பயிலும் மாணவன் என்னும் முறையில் விளக்க விரும்புகிறேன்.

இவ்வாசையைப் பலருக்கும் ஊட்டியது ஆப்பிள்-1 என்னும் பொறி. ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைத்து 1976-இல் விற்பனைக்கு வந்த இது, பெட்டியோ விசைப்பலகையோ மின்வழங்கியோ இல்லாத வெறும் சுற்றுப்பலகைதான். அன்றைய விலை 666.66 டாலர். செய்யப்பட்டவை ஏறத்தாழ 200. மறு ஆண்டு ஆப்பிள்-2 வந்தபின், பழையதைக் கொடுத்துப் புதியதை மாற்றிக்கொள்ள நிறுவனம் வழி செய்தது. திரும்பி வந்த பலகைகள் அழிக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று 2014-இல் நியூயார்க்கில் நடந்த போன்ஹாம்ஸ் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போயிற்று. வாங்கியது ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம். இச்செய்தியைப் படித்தவர்கள் தம் வீட்டுப் பரணை ஒருமுறை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்!

பரணில் இருப்பதெல்லாம் ஆப்பிள்-1 ஆகிவிடாது. 1982-இல் வந்த கமடோர் 64 ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அது பழையது; அரியதன்று. இனி, அரியதாகவே இருந்தாலும் போதுமா? போதாது. அருமை என்பது பொருளியலில் நாம் படித்த அளிப்புப் பக்கம் மட்டுமே. தேவைப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்? பெரும்பாலும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அந்தப் பொறியின் முன் உட்கார்ந்து, இன்று ஐம்பதைக் கடந்து, கையில் சற்றுப் பணமும் உள்ளவர்கள்தாம். அத்தகையோர் இல்லாத பொறி எவ்வளவு அரியதாயினும் கேட்பாரற்றுக் கிடக்கும். அவர்கள் மூப்படைய மூப்படையத் தேவையும் குறையலாம். எனவே, வாங்கிப் பூட்டி வைத்தால் ஆண்டுதோறும் விலை ஏறும் என்று எண்ணுவது நிலத்துக்குப் பொருந்தினாலும் இதற்குப் பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

இதை நான் ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு எங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் பி.பி.சி. மைக்ரோ ஒன்றைக் கண்டேன். இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட பொறி அது. நினைவகம் 32 கிலோபைட்டு. 1984-இல் நம் நடுவண் அரசு பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி தர 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியபோது இவ்வகைப் பொறியே வந்தது. மொகாலியிலிருந்த எஸ்.சி.எல். நிறுவனம் இதையே யூனிகார்ன் என்னும் பெயரில் செய்ததும் உண்டு. ஆகவே இங்கும் இதை அறிந்தவர்கள் இருப்பார்கள் என்பது என் கணக்கு.

"ஐயாயிரம் கொடு தம்பி. இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிரித்துப்போடுவேன்" என்றார் கடைக்காரர். என்னிடம் இருந்ததோ மாலை நேரத்தில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த ஆறாயிரம். அதிலிருந்துதான் தேர்வுக் கட்டணமும் கட்டியாக வேண்டும்.

"ஓடுகிறதா என்று பார்ப்போம்" என்று அவர் மின்கம்பியை எடுத்தார். நான் தடுத்துவிட்டேன். இவ்விடத்தில் சற்று நின்று விளக்க வேண்டும். பல ஆண்டு உறங்கிய பொறியை உடனே மின்னிணைப்பில் சொருகலாகாது. பி.பி.சி. மைக்ரோவின் மின்வழங்கியில், உள்ளே வரும் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்ட மின்தேக்கிகள் உண்டு. நாளடைவில் அவற்றின் மேலுறை வெடித்து, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்சாரம் பாய்ந்தால் நாற்றத்தோடு கரும்புகை கிளம்பும். முதலில் மூடியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். அமிகா 500 பிளஸ் போன்ற சில பொறிகளில் பலகைமேலேயே நிக்கல்-காட்மியம் மின்கலம் இருக்கும். அது கசிந்து செப்புத் தடங்களை அரித்துவிடும். அவ்வாறு அரித்த பலகையை நான் எந்த விலைக்கும் தொடமாட்டேன். பெட்டி மஞ்சளித்திருப்பது பெரிய குறையன்று. அமெரிக்காவிலிருந்து வந்ததாயின் 110 வோல்ட்டுக்கு அமைந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சில்லுகளின் முதுகில் பெரும்பாலும் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 8423 என்றால் 1984-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். 1983-இல் செய்ததாகச் சொல்லப்படும் பொறியில் 1987-ஆம் ஆண்டுச் சில்லு இருந்தால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று அறியலாம். ஆப்பிள்-1 போன்றவற்றுக்கு இன்று நகல்களும் செய்யப்படுவதால், விலை உயர உயர இச்சோதனை இன்றியமையாததாகிறது. கடையிலிருந்த பொறியில் எண்கள் யாவும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தன. மின்கசிவின் தடம் எதுவும் இல்லை.

அடுத்தது விலை. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலையையே பார்க்க வேண்டும். நான் பின்னிருந்து முன்னாகக் கணக்கிட்டேன். ஓட்டிப் பார்க்காத நிலையில் 6,000 ரூபாய் கிடைக்கும் என்று கொள்வோம். தரகு 750; கட்டுதலும் அனுப்புதலும் 1,000; வழியில் உடைந்தாலோ வாங்கியவர் திருப்பி அனுப்பினாலோ ஏற்படும் இழப்புக்கு ஒதுக்கீடு 1,200. மீதி 3,050. பணம் எத்தனை மாதம் முடங்குமோ தெரியாது. அதற்கும் என் உழைப்புக்குமாக 1,000-மாவது வேண்டும். ஆக 2,000-க்கு மேல் ஒரு காசும் கொடுக்கலாகாது. இந்த உச்ச விலையைப் பேரத்துக்கு முன்பே தாளில் எழுதிவிட வேண்டும். கடைக்காரரின் முகத்தைப் பார்த்தபின் எழுதினால் அது வேறு எண்ணாகிவிடும்.

"இரண்டாயிரம்தான் முடியும் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்தார். எனக்கோ அது திங்கட்கிழமை செம்பும் தகரமுமாகப் பிரிந்துவிடுமே என்ற கவலை. ஆனால் அந்தக் கவலைக்கு விலை வைப்பதாயின் அதைச் சொந்தச் செலவாகத்தான் எழுத வேண்டும். வாணிகக் கணக்கில் ஏற்ற இயலாது. திரும்பி நடந்தேன். ஞாயிறு மாலை அவரே ஆள் அனுப்பினார்.

இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மின்தேக்கிகளை மாற்றினோம்; செலவு 300 ரூபாய். பொறி இரட்டை ஒலி எழுப்பி, திரையில் தன் பெயரைக் காட்டியது. மூன்று பேர் விசாரித்தார்கள். ஒருவர் திரையும் சேர்த்துக் கேட்டார். ஒருவர் விலை கேட்டதோடு சரி. மூன்றாமவர் கிளாஸ் திட்டத்தில் பயின்றவராம். 7,000 தருவதாகச் சொல்கிறார். நான் 8,000 கேட்டிருக்கிறேன். ஒரு விசை அவ்வப்போது ஒட்டிக்கொள்வதையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.