நகராத மிதிவண்டி

ஓடாத வண்டியை விலைகொடுத்து வாங்குவார் உண்டோ என்று நம் பாட்டனார் காலத்தில் கேட்டிருந்தால் ஊரார் நகைத்திருப்பர். சென்ற ஐப்பசியில், கொட்டாம்பட்டியிலுள்ள என் தங்கை வீட்டுத் திண்ணையில் அத்தகைய வண்டி ஒன்றைக் குறித்துப் பெரிய வழக்கே நடந்தது. நடுவனாக அமர்த்தப்பட்டவன் நான்.

என் தங்கையின் மகன் கல்லூரியில் பயில்கிறான். மிதிவண்டிப் பந்தயத்தில் பேரார்வம் கொண்டவன். மேலூருக்கு வடக்கே, திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள ஊர் கொட்டாம்பட்டி. விடியுமுன் எழுந்து அச்சாலையில் பயில்வது அவன் வழக்கம். குளிர்நாட்டு வீரர்களைப் பனிக்காலம் வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது. நமக்கு அந்த வேலையைச் செய்வது வடகிழக்குப் பருவமழை. ஒருநாள் இருட்டில், மழையில், லாரி ஒன்றுக்கு வழிவிட ஒதுங்கியவன் சறுக்கி விழுந்து, முழங்கை தேய்ந்து வீடு வந்தான். இனிச் சாலைப்பயிற்சி கூடாதென்று தாய் தடுத்தாள். “அப்படியானால் வீட்டுக்குள் மிதிக்கும் ஸ்மார்ட் பைக் வேண்டும்” என்றான் மகன். அதன் விலையோ 2 லட்சம் ரூபாய்க்கும் மேல். “மச்சான், கறவை மாடு இரண்டையும் விற்றால் ஆகிவிடும். பிள்ளை உயிரைவிட மாடு பெரிதா?” என்றார் என் மைத்துனர்.

மாட்டை விற்பதற்கு முன் கருவியைப் புரிந்துகொள்வோம் என்றேன் நான்.

நின்ற இடத்தில் மிதிக்கும் கருவி புதியதன்று. 1796-லேயே லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் கைகால்களுக்குப் பயிற்சிதரும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவியின் புதுமை, அது மிதிப்பவனை எதிர்க்கும் முறையில் இருக்கிறது. காந்தப் புலத்தில் ஓர் உலோகத் தட்டு சுழன்றால், அத்தட்டினுள் சுழல் மின்னோட்டங்கள் எழுகின்றன. லென்ஸ் விதிப்படி அவை தம்மை எழுப்பிய இயக்கத்தையே எதிர்க்கின்றன. 1855-இல் ஃபூகோ ஆராய்ந்து காட்டிய இவ்விளைவே பல பயிற்சிக் கருவிகளில் தடையாகப் பயன்படுகிறது. மின்காந்தத்திற்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கணிப்பொறி கூட்டினால் தடை கூடும், குறைத்தால் குறையும். எதனோடும் உரசாததால் சத்தமும் தேய்மானமும் குறைவு.

இதனால் வீட்டுக்குள்ளேயே மலையேறலாம். மனிதனும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ என்று கொள்ளுங்கள். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில், புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 34 நியூட்டன். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, இவ்விசையை வெல்ல மட்டும் சுமார் 95 வாட் திறன் வேண்டும். திரையில் அந்த மேடு தோன்றும்போது, கருவி அதே தடையைத் தருகிறது. செலுத்தும் திறனையும் அளந்து சொல்கிறது.

அளவையின் நேர்மை முக்கியமானது. 2020 டிசம்பர் 9-ஆம் நாள், உலக மிதிவண்டிச் சம்மேளனத்தின் முதல் மின்வழி உலகப் போட்டி நடைபெற்றது. வீரர்கள் பல நாடுகளில் தத்தம் இடத்திலிருந்தே மிதித்தனர். தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ பெண்கள் பிரிவிலும், படகுவலிப்பில் புகழ்பெற்ற ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன் ஆண்கள் பிரிவிலும் வென்றனர். தராசு கோணினால் இத்தகைய போட்டிக்குப் பொருளேது? ஆகவே கருவி வாங்குவோர், அதன் அளவு நூற்றுக்கு எத்தனை பங்கு பிழைபடலாம் என்பதை முதலில் கேட்க வேண்டும். நல்ல கருவிகளில் அது ஒன்று அல்லது இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கும்.

இக்கருவிகள் மூவகை. பின்சக்கரத்தின் டயரை உருளையில் அழுத்தி ஓட்டும் தாங்கி முதல்வகை. விலை குறைவு, ஆனால் டயர் தேயும், அளவும் சற்றுப் பிறழும். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, நம் வண்டியின் சங்கிலியை நேரே கருவியில் மாட்டுவது இரண்டாம்வகை. மூன்றாவதே முழு ஸ்மார்ட் பைக். இருக்கையின் உயரத்தையும் கைப்பிடியின் தூரத்தையும் ஆளுக்கேற்ப மாற்றலாமாதலால், பலர் மிதிக்கும் வீட்டுக்கு அது ஏற்றது. ஆனால் இவ்வகையில் பல 40 கிலோவுக்கு மேல் கனக்கும். பழுதுற்றால் தூக்கிச் செல்வது எளிதன்று. பழுதுபார்ப்பவர் அருகில் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று வேறொரு கவலையும் உண்டு, அது வெப்பம். உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே மிதியைச் சேர்கிறது. 150 வாட் செலுத்துபவன் உடலில் சுமார் 450 வாட் வெப்பமாக எழுகிறது. சாலையில் எதிர்க்காற்று அதை வாங்கிக்கொள்ளும், அறையில் காற்றில்லை. மழைக்காலத்து ஈரக்காற்றில் வியர்வையும் எளிதில் உலராது. ஆகவே மின்விசிறியும் திறந்த சன்னலும் தண்ணீரும் கருவியின் உறுப்புகளே என்று கொள்ளுங்கள். மழைநாளில் மின்சாரம் தடைப்படுவதும் உண்டு. மிதிப்பவரின் ஆற்றலாலேயே இயங்கும் கருவிகளும் சில இருக்கின்றன.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு மருமகனைக் கேட்டேன்: “இவ்வீட்டில் மிதிக்கப்போவது எத்தனை பேர்?”

“நான் ஒருவன்தான், மாமா.”

“உன் வண்டி உன் உடலுக்குப் பொருந்தியிருக்கிறதா?”

“நன்றாகப் பொருந்தியிருக்கிறது.”

“பந்தயத்தில் ஓட்டப்போவதும் அதே வண்டிதானே?”

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “இரண்டாவது வகையே எனக்குப் போதும்” என்று அவனே சொன்னான். விலையும் பன்மடங்கு குறைந்தது. அவன் சேமிப்போடு நானும் ஒரு பங்கு சேர்த்தேன். கார்த்திகை முழுவதும் திண்ணையை அடுத்த அறையில் சக்கரமில்லாத வண்டி சுழன்றது. அருகில் மின்விசிறியும் சுழன்றது.

மழை ஓய்ந்த தை மாதத்தில், நன்கு விடிந்தபின் சாலைக்குச் செல்லத் தாய் இசைந்தாள். வளைவில் வண்டியைச் சாய்ப்பதையும், பிறர்க்கு வழிவிடுவதையும் எந்தக் கருவியும் கற்பிப்பதில்லை. அவற்றைச் சாலையில்தான் பழக வேண்டும். மாடுகள் இரண்டும் இன்றும் தொழுவத்தில் நிற்கின்றன. மாணவர்களே, விலையுயர்ந்த எதையும் வேண்டுமுன் உங்கள் தேவையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வீட்டில் எதை விற்று அது வரப்போகிறது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.